மல்லாவிப் பக்கத்தில் முதல் மிரர்லெஸ் கமெரா: ஒன்றரை இலட்சத்துக்குள் எது வாங்கலாம்?

பாலைப்பழம் (மல்லாவி)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை கைபேசியில்தான் படம் எடுத்து வருகிறேன். இப்போது ஒரு மிரர்லெஸ் கமெரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) வாங்க நினைத்திருக்கிறேன். சீட்டுக்காசு வருகிறது. கமெரா, லென்ஸ், மெமரி காட், பை எல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சம் ரூபாதான் போடலாம், அதற்கு மேல் என்னால் இயலாது.

எதற்கு என்று சொன்னால்தான் நீங்கள் பதில் சொல்ல வசதியாக இருக்கும். எங்கள் ஊரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஆல்பங்கள் எல்லாம் தொலைந்துபோன வீடுகள் நிறைய. பல அம்மம்மாமாருக்கு இருக்கிற ஒரே படம் அடையாள அட்டைப் படம். அவர்கள் கண்மூடிய பிறகு அதையே பெரிதாக்கித்தான் சட்டம் போடுகிறார்கள். உயிரோடு இருக்கும்போதே அவர்களை வடிவாக ஒரு படம் எடுத்து, அச்சடித்து, அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். முதல் வேலை அதுதான். அடுத்தது வவுனிக்குளத்துப் பறவைகள். பிறகு கை பழகினால் பிறந்தநாள், சாமத்திய வீடு மாதிரிச் சின்ன நிகழ்ச்சிகளுக்குப் போய் நாலு காசு பார்க்கலாம் என்றும் ஒரு எண்ணம்.

யூடியூபில் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.


செம்மண் (புதுக்குடியிருப்பு)

அக்கா, சோனி இசட்வி-இ10 எடுங்கோ. நான் அதில்தான் வீடியோ செய்கிறேன். திரையை எந்தப் பக்கமும் திருப்பலாம், மைக் பூட்டலாம், 4கே இருக்கு. 2021இல் வந்த மொடல் என்பதால் பாவித்தது இப்போது அங்கங்கே கிடைக்கும்.


களப்பு (முல்லைத்தீவு)

தம்பி, அந்தக் கமெராவில் கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இல்லை. தங்கச்சி கேட்கிறது பறவைக்கும் ஆட்களுக்கும். நந்திக்கடல் கரையில் பத்து மணி வெயிலில் நின்று பின்திரையைப் பார்த்தால் உன் முகம்தான் தெரியும், பறவை தெரியாது. நீளமான லென்ஸைக் கையை நீட்டிப் பிடித்தால் நடுக்கமும் கூடும், நெற்றியில் முட்டுக் கொடுத்துப் பிடிப்பதுதான் உறுதி. நிக்கொன் இசட்30க்கும் இதே குறை. வன்னி வெயிலில் வெளியே படம் எடுக்கப் போகிறவர்கள் வியூஃபைண்டர் இல்லாத கமெராவை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக்குள் வீடியோ மட்டும் செய்கிறவர்களுக்கு அது நல்ல கமெரா, அதை மறுக்கவில்லை.


கொண்டல் (ஸ்காபரோ, சொந்த ஊர் துணுக்காய்)

பிள்ளை, உங்களுடைய நோக்கத்தை வாசிக்க மனம் நிறைந்துவிட்டது. என் அப்பம்மாவின் படமும் அப்படித்தான் போனது. இங்கே பாவித்த கனன் எம்50 மலிவாக விற்கிறார்கள். 24 மெகாபிக்சல், வியூஃபைண்டர் உண்டு, திருப்புகிற தொடுதிரை உண்டு. மார்கழியில் ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடலாம். சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


முதிரை (வவுனியா)

நான் கலியாண வீடு, கோயில் திருவிழா என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன். நீண்ட பதில், பொறுமையாக வாசியுங்கள் தங்கச்சி.

முதலில் எம்50. 2018இல் வந்தபோது நல்ல கமெரா. ஆனால் அதில் லென்ஸ் பூட்டுகிற வாய், மவுண்ட் என்பார்கள், இ.எஃப்-எம் என்ற வகை. கனன் 2023இல் அந்த வரிசை முழுவதையும் நிறுத்திவிட்டது. அந்த லென்ஸ்களைக் கனனின் புதிய ஆர் வரிசைக் கமெராவில் எந்த அடப்டர் (இடையில் பூட்டுகிற இணைப்பு வளையம்) போட்டும் பூட்ட இயலாது. நாளைக்கு நீங்கள் பெரிய கமெராவுக்கு மாறினால் அந்த லென்ஸ்கள் கூட வரா. கொண்டல் அண்ணை அன்பாகத் தருவதாக இருந்தால் வேறு கதை. காசு கொடுத்து வாங்குவதானால் நான் வேண்டாம் என்பேன்.

இனி முக்கியமான விசயம். எல்லோரும் எந்தக் கமெரா என்று கேட்கிறார்கள். நான் கேட்பது, உங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் யாரிடம் என்ன லென்ஸ் இருக்கிறது? கொழும்பில் லென்ஸை வாடகைக்கு எடுத்து அடுத்த நாள் திருப்பிக் கொடுக்கலாம். மல்லாவியில், மாங்குளத்தில், ஒட்டுசுட்டானில் அது நடக்காது. இங்கே எங்கள் வாடகைக் கடை நாங்களே. என் பழைய 50 மி.மீ. லென்ஸ் என்னிடம் இருந்ததைவிட மற்றவர்கள் வீட்டில் இருந்த நாட்கள்தான் கூட. முதல் கமெராவோடு ஒரே ஒரு லென்ஸ்தான் வரும். இரண்டாவதை யாராவது இரவல் தந்தால்தான், அது உங்களுக்குத் தேவையா இல்லையா என்று காசு போடாமல் தெரிந்துகொள்ளலாம். பற்றரி இறங்கினால் ஒன்று கேட்டு வாங்கலாம், மெனுவில் எங்கே என்ன இருக்கிறது என்று காட்டித் தர ஆள் இருக்கும்.

ஆகவே ஊரில் விசாரியுங்கள். பக்கத்து ஸ்டூடியோ, பள்ளிக்கூடத்து ஊடகக் கழகம், உறவுக்காரப் பெடியன்கள். பெரும்பாலும் கனன் என்றோ நிக்கொன் என்றோ பதில் வரும், ஏனென்றால் உள்ளே கண்ணாடி வைத்த பழைய டி.எஸ்.எல்.ஆர் கமெராக் காலத்துச் சாமான் இந்தப் பக்கம் அதிகம். அந்தப் பழைய லென்ஸ்கள் வீணில்லை. கனனின் அந்தக் காலத்து இ.எஃப் லென்ஸ்களை ஓர் அடப்டரோடு ஆர் கமெராக்களில் பூட்டினால் ஓட்டோ ஃபோகஸ் உட்பட வேலை செய்யும். நிக்கொனிலும் எஃப்.டி.இசட் என்ற அடப்டர் உண்டு, ஆனால் உள்ளே மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸ்கள் அதில் தானாக ஃபோகஸ் செய்யா. இதைத் தெரியாமல் வாங்கிக் கவலைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.


பாலைப்பழம்

அண்ணா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. நாளைக்கே விசாரிக்கிறேன். ஒரு சின்னக் கேள்வி. என் தம்பி சொல்கிறான், இப்போதைய கைபேசியே போதும், காசை வீணாக்காதே என்று. அவனுக்கு என்ன பதில் சொல்வது?


மருதநிழல் (செட்டிகுளம்)

தங்கச்சி, உங்கள் வேலைக்கு அவன் சொல்வது முழுப் பிழை இல்லை. பட்டப்பகல் வெளிச்சத்தில் எடுத்து, தபாலட்டை அளவில் அச்சடித்தால் நல்ல கைபேசிக்கும் கமெராவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் ஓலைக் கொட்டிலுக்குள், சாய்ந்த பின்னேர வெளிச்சத்தில், ஓர் அம்மம்மாவின் முகத்தை எடுத்துப் பெரிய அளவில் அச்சடித்துப் பாருங்கள். கைபேசி இருட்டில் வருகிற புள்ளிகளை அழிப்பதற்காகத் தோலையும் சேர்த்து வழித்துவிடும். சுருக்கங்கள்தான் அந்த முகம், அவை போய்விட்டால் யாருடைய படம் அது? பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடும் நரைமுடி நுனிகளை வெட்டித் தள்ளிவிடும். பெரிய சென்சரும் (படத்தைப் பதிகிற சில்லு) எஃப் 1.8 லென்ஸும் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது) இருந்தால் அந்த மங்கல் கணக்குப் போட்டுச் செய்ததாக இருக்காது, ஒளியிலேயே வரும்.

நான் ஆசிரியை. ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 3 பாவிக்கிறேன். 16 மெகாபிக்சல்தான். ஆனால் கமெராவுக்குள்ளேயே நடுக்கம் தாங்கும் வசதி இருப்பதால் எந்த லென்ஸைப் போட்டாலும் மங்கிய வெளிச்சத்தில் கையில் பிடித்து எடுக்கலாம். இந்த விலையில் கனனிலும் சோனியிலும் அந்த வசதி உடலுக்குள் கிடையாது. மெகாபிக்சலை நினைத்துப் பயப்பட வேண்டாம். 16 மெகாபிக்சல் என்றால் 4608க்கு 3456, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தாலும் 15 அங்குல நீளம் வரும். 24 மெகாபிக்சலில் 20 அங்குலம் வரும். உங்கள் அம்மம்மாமாரின் சுவருக்கு இரண்டுமே தாராளம்.


களப்பு

அக்கா சொல்வது ஆட்களுக்குச் சரி. பறக்கிற கொக்குக்கு அந்த ஒலிம்பஸின் ஃபோகஸ் ஓடிப் பிடிக்காது, அது பழைய முறை ஃபோகஸ். இன்னொன்று, ஒலிம்பஸ் நிறுவனம் தன் கமெராப் பிரிவை விற்று, 2021 முதல் அது ஓஎம் என்ற வேறு நிறுவனத்திடம் இருக்கிறது. பழைய மொடல்களுக்குப் பாகம் தேடி அலைய வேண்டிவரும். வன்னியில் அந்த மவுண்ட் வைத்திருக்கிற ஆட்களை விரல்விட்டு எண்ணலாம்.


மருதநிழல்

உண்மைதான் தம்பி. முதிரை சொன்ன கணக்குப்படி பார்த்தால் என் லென்ஸை இரவல் கேட்க இந்தப் பக்கம் ஆள் இல்லை, எனக்குத் தரவும் ஆள் இல்லை. அது பெரிய குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கமெராவை விட மனம் வராது. அவ்வளவு சின்னது, பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகலாம். கமெரா கையில் இருந்தால்தானே படம்.


பாலைப்பழம்

விசாரித்தேன். எங்கள் சந்தி ஸ்டூடியோ அண்ணாவிடம் கனன் 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று இருக்கிறது. கிளிநொச்சியில் பெரியம்மாவின் மகனிடம் கனன் 55-250 மி.மீ. சூம் லென்ஸ் இருக்கிறதாம், பெட்டியில் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்கிறான். சோனி வைத்திருப்பவர் யாரையும் இங்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்படியென்றால் கனன் ஆர்100 அல்லது ஆர்50, இரண்டில் ஒன்றா? இரண்டும் 2023இல் வந்தவை, இரண்டும் 24 மெகாபிக்சல். எங்கே வித்தியாசம் என்று எனக்குப் பிடிபடவில்லை.


முதிரை

நீங்கள் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

ஆர்100 கனனின் ஆகக் குறைந்த விலை ஆர் கமெரா. பின்திரை அசையாது, தொட்டால் வேலை செய்யாது. கைபேசி பழகிய கைக்கு முதல் கிழமை எரிச்சலாக இருக்கும். 4கே வீடியோ எடுத்தால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும், ஃபோகஸும் மெதுவாகிவிடும். சாதாரண 1080 வீடியோவில் அந்தப் பிரச்சினை இல்லை. நிழற்படம் மட்டும் என்றால் ஆட்களின் முகத்தையும் கண்ணையும் தேடிப் பிடிக்கும், படத்தின் தரம் ஆர்50ஐ விடக் குறைந்ததென்று யாரும் சொல்ல முடியாது.

ஆர்50 திருப்புகிற தொடுதிரை, வெட்டுப்படாத 4கே, பறவை மிருகங்களின் கண்ணையும் அடையாளம் காணும், வேகமாக அடுத்தடுத்து எடுக்கும். ஆனால் அதன் மேலே ஃப்ளாஷ் பூட்டும் இடம் புது மாதிரி. பழைய வகை ஃப்ளாஷைப் பூட்ட ஏ.டி-இ1 என்று தனியாக ஓர் அடப்டர் வேண்டும். சாமத்திய வீட்டுக்குப் போகிற எண்ணம் இருப்பதால் சொல்கிறேன், அந்தச் செலவையும் கணக்கில் எடுங்கள். கனனின் கீழ்மட்ட டி.எஸ்.எல்.ஆர் சிலவற்றில், 2000டி, 4000டி மாதிரி, ஃப்ளாஷ் பூட்டும் இடத்தில் நடு முள்ளே கிடையாது, மலிவு ஃப்ளாஷ்கள் அவற்றில் மின்னா. எந்தக் கமெரா வாங்கினாலும் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஃப்ளாஷைப் பூட்டி ஒரு தரம் மின்னப் பண்ணிப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

விலைக்கு வருவோம். வெளிவந்தபோது அமெரிக்காவில் 18-45 லென்ஸோடு ஆர்100 599 டொலர், ஆர்50 799 டொலர். டொலர் 300 ரூபா என்று போட்டாலே ஒன்று ஒரு இலட்சத்து எண்பதாயிரம், மற்றது இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் வருகிறது. வரியும் கடைக்காரர் இலாபமும் அதற்கு மேல். 2022இல் ரூபா விழுந்ததோடு புதுச்சாமானின் விலை எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. உங்கள் ஒன்றரை இலட்சத்துக்குப் பாவித்ததுதான் சரி. பாவித்தது என்பதில் ஒரு குறைவும் இல்லை.

என் தெரிவைக் கேட்டால், பாவித்த ஆர்100, அடப்டர், ஸ்டூடியோ அண்ணாவின் 50. மிச்சக் காசில் இரண்டாவது பற்றரி, நல்ல காட்.


செம்மண்

அண்ணா, ஆர்100 தொடுதிரை இல்லாத கமெரா, இந்தக் காலத்தில் அதை எப்படிப் பாவிக்கிறது? அதே காசுக்குப் பாவித்த சோனி ஏ6000 வாங்கினால் திரையை மேலும் கீழும் சாய்க்கலாம், நொடிக்கு 11 படம் எடுக்கும். சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 மாதிரி மலிவான நல்ல லென்ஸ் சோனிக்குத்தான் கூட.


களப்பு

லென்ஸ் விசயத்தில் தம்பி சொல்வது சரி. ஆர்100, ஏ6000 மாதிரி, முழு அளவைவிடச் சின்னச் சென்சர் உள்ள கமெராக்களுக்குச் சோனி மவுண்டில் கிடைக்கிற தெரிவு கனன் ஆரில் இல்லை. மற்ற நிறுவனங்கள் அந்தச் சென்சருக்கு ஓட்டோ ஃபோகஸ் லென்ஸ் செய்யக் கனன் வழிவிட்டதே 2024இல்தான். ஏ6000 2014இல் வந்தது, இன்றைக்கும் அதில் நல்ல படம் வரும். ஆனால் அதற்கும் தொடுதிரை இல்லை, மைக் பூட்ட இடமில்லை, 4கே இல்லை. வீடியோக்காரனான நீயே அதை எடுக்கமாட்டாய்.

ஏ6400 கிடைத்தால் அது வேறு தரம், கண்ணைப் பிடித்தால் விடாது. ஒன்றரை இலட்சத்துக்குள் லென்ஸோடு நல்ல நிலையில் வருவதுதான் கஷ்டம். பாவித்த சோனி தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஜப்பானில் விற்கப்பட்ட சோனிகளில் மெனு ஜப்பான் மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற இயலாது. விலை குறைவாக இருக்கிறதே என்று விழுந்துவிடாதீர்கள். கமெராவை இயக்கி, மொழித் தெரிவைப் பாருங்கள்.

தங்கச்சி, பறவைகளைப் பற்றி நேரடியாகச் சொல்கிறேன். 55-250ஐ கனன் சின்னச் சென்சரில் பூட்டினால் 1.6 மடங்கு, அதாவது முழு அளவுச் சென்சர்க் கமெராவில் 400 மி.மீ. லென்ஸ் தருகிற பார்வை. வவுனிக்குளக் கட்டில் கிட்ட வருகிற மீன்கொத்தி, கொக்கு, நீர்க்காகத்துக்கு அது காணும். சுண்டிக்குளத்திலோ மன்னார் வங்காலையிலோ தூரத்தில் நிற்கிற பூநாரைக் கூட்டத்துக்குக் காணாது. வங்காலை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது, ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வலசைப் பறவைகள் வரும். அங்கே போக ஆசை வந்த பிறகு கனன் ஆர்.எஃப் 100-400ஐ நினையுங்கள், 635 கிராம்தான், கையில் பிடித்தே எடுக்கலாம். அதுவரை விடியற்காலையில் குளக்கட்டில் பேசாமல் உட்காரப் பழகுங்கள். பறவைப் படத்தில் பாதி அதுதான்.

இன்னொன்று. எங்கள் பக்கம் எந்தக் குளத்துக்கு, எந்தக் கரைக்குப் போகும்போதும் இராணுவ முகாம் இருக்கிற இடங்களில் கமெராவை வெளியே எடுக்காதீர்கள். பூங்காவுக்குள் போவதானால் வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டுவிட்டுப் போங்கள்.


கொண்டல்

எல்லோரும் இவ்வளவு விளக்கமாக எழுதுவதைப் பார்த்து நான் எம்50 யோசனையை விட்டுவிட்டேன். பிள்ளை, அந்த ஆர் அடப்டரை நான் இங்கே வாங்கி அனுப்புகிறேன். மறுக்க வேண்டாம். என் பங்காக ஓர் அம்மம்மாவின் படம் அச்சடித்ததாக இருக்கட்டும்.


பாலைப்பழம்

மாமா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. மிக்க நன்றி. முதல் படம் துணுக்காயில்தான் எடுப்பேன்.

வவுனியாவில் ஒருவர் ஆர்100 விற்கிறார், 18-45 லென்ஸோடு. என் காசுக்குள் அடங்குகிறது, கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்? எனக்குக் கமெராவைத் திறக்கக்கூடத் தெரியாது.


முதிரை

நானும் வருகிறேன், ஆனால் நீங்களே பார்க்கப் பழக வேண்டும். உங்கள் சொந்த மெமரி காட்டைக் கொண்டுவாருங்கள், எடுத்த படங்களை வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

லென்ஸைக் கழற்றி அதன் ஒரு பக்கத்தில் கைபேசி ரோர்ச்சை அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரியோ பஞ்சு மாதிரியோ தெரிந்தால் பூஞ்சணம். அந்த லென்ஸ் வேண்டாம், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். எங்கள் மாரிகாலத்து ஈரத்தில் அது பரவும். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை.

அடுத்து சென்சர். எஃப் எண்ணை 16இல் வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் தூசி, துடைக்கலாம். கோடோ கீறலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். பிறகு மூடியைப் போட்டுச் சில நொடி இருட்டில் ஒரு படம். அதில் நிறப் பொட்டுகள் நிறைய மினுங்கினால் சென்சர் களைத்திருக்கிறது.

சட்டர் எத்தனை தரம் அடித்திருக்கிறது என்பது சோனி, நிக்கொன் படக் கோப்புகளுக்குள் பதிந்திருக்கும். பெரும்பாலான கனன்களில் அப்படிப் பதியாது. ஆகவே தேய்மானத்தைக் கண்ணால்தான் மதிக்க வேண்டும்: பிடியின் இறப்பர், பூட்டும் வளையத்தின் பளபளப்பு, அடியில் முக்காலி பூட்டும் ஓட்டை. எல்லாப் பொத்தானையும் அமத்திப் பாருங்கள். காட்டை நாலைந்து தரம் போட்டு எடுங்கள். பற்றரி உப்பியிருக்கிறதா என்று மேசையில் படுக்க வைத்துப் பார்க்கலாம், உப்பினது ஆடும்.

கடைசியாக, வாங்கிய பற்றுச்சீட்டும் பெட்டியும். பெட்டியில் இருக்கிற தொடரிலக்கமும் கமெராவின் அடியில் இருக்கிறதும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டு இல்லை, தொலைந்துவிட்டது என்றால் யோசிக்காமல் எழும்பி வந்துவிடுங்கள். களவுபோன ஒருவரின் சாமானில் உங்கள் அம்மம்மாமாரின் படத்தை எடுக்க வேண்டாம்.


பாலைப்பழம்

வாங்கிவிட்டேன்! முதிரை அண்ணா கூட வந்தார், அவர் சொன்னபடி ஒவ்வொன்றாக நானே பார்த்தேன். பெட்டி, பற்றுச்சீட்டு எல்லாம் இருந்தது. மாமா அனுப்பிய அடப்டரும் வந்து சேர்ந்துவிட்டது. ஸ்டூடியோ அண்ணா 50ஐத் தந்துவிட்டு, நீ வைத்திரு, எனக்குத் தேவைப்படும்போது கேட்கிறேன் என்றார்.

இப்போது ஒரு சந்தேகம். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பாட்டியை வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருத்தி எடுத்தேன். முகம் கறுத்துப் போகிறது. உள்ளே 18-45 போட்டு எடுத்தால் புள்ளி புள்ளியாகவும் வருகிறது.


மருதநிழல்

கமெராவில் பிழை இல்லை தங்கச்சி. படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து அது தானாகக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்ட வெளிச்ச அளவை +0.7 அல்லது +1க்குத் தள்ளுங்கள். எங்கள் ஆட்களின் நிறத்துக்கு முகத்தைப் பார்த்துத்தான் வெளிச்சம் அளக்க வேண்டும். சேலையில் கொஞ்சம் விவரம் போனாலும் முகம் இருக்க வேண்டும். சுவரை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், பழைய மரக்கதவு, கிடுகுவேலி, இருண்ட உள்வாசல் எல்லாம் நல்ல பின்னணி.

வீட்டுத்திட்ட வீடுகளின் விறாந்தை உங்களுக்குக் கிடைத்த ஸ்டூடியோ. பாட்டியை விறாந்தையின் விளிம்பில், கூரை நிழலுக்குள், முற்றத்தைப் பார்த்து இருத்துங்கள். முற்றத்து மண்ணில் பட்டு வருகிற வெளிச்சம் கீழிருந்து முகத்துக்குள் போகும், கண்ணுக்கடியில் நிழல் விழாது. ஃப்ளாஷ் வேண்டியதே இல்லை.


முதிரை

18-45ஐ 45க்கு நீட்டினால் அதன் துவாரம் எஃப் 6.3தான். உங்கள் 50இல் எஃப் 1.8 இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் வெளிச்சம் 12 மடங்கு. உள்ளே எடுக்கும்போது 50ஐப் போடுங்கள், புள்ளி தானாகக் குறையும். ஆனால் 1.8இல் கிட்ட நின்று எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மற்றக் கண் மங்கலாகவும் வரும். வெளிச்சம் இருக்கிறபோது 2.8க்கு வாருங்கள். 50 இந்தக் கமெராவில் 80 மி.மீ. பார்வை தரும், முகம் எடுக்க அருமையானது. ஒரு இரண்டு மீற்றர் பின்னால் நிற்க இடம் வேண்டும், சின்ன அறையென்றால் வாசலுக்கு வெளியே நின்று எடுங்கள்.

கோயில் திருவிழாவுக்கு, வற்றாப்பளைப் பொங்கலுக்கு என்று இரவில் போனால் எல்.ஈ.டி அலங்காரத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சட்டரை 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். வீடியோவானால் 25 ஃப்ரேம், 1/50.

சோளகம் அடிக்கிற மாதங்களில் வெளியே நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம். மிரர்லெஸில் சென்சருக்கு முன்னால் மறைக்கிற கண்ணாடி இல்லாததால் லென்ஸைக் கழற்றியதும் சென்சர் வெறுமையாக நிற்கும், செம்மண் தூசி நேரே அதில்தான் போய் உட்காரும். மாற்றத்தான் வேண்டுமென்றால் வீட்டுக்குள் போய், கமெராவை நிறுத்தி, வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். மாரியில் மூடி இறுகுகிற பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வையுங்கள். தோல் பைக்குள் மட்டும் மாதக்கணக்கில் பூட்டி வைக்கவே கூடாது.


செம்மண்

அக்கா, எனக்கும் வீட்டில் ஓர் அப்பப்பா இருக்கிறார். இந்த இழையை வாசித்த பிறகு நேற்று அவரை விறாந்தையில் இருத்தி எடுத்தேன். வீடியோதான் எனக்கு என்று இருந்தேன், இந்தப் படம் வந்த மாதிரி என் வீடியோ ஒன்றும் வரவில்லை. அச்சடிக்க எந்த அளவு சரி? சட்டம் விற்கிற கடையில் 8க்கு 10 இருக்கு, ஏ4 இருக்கு என்கிறார்கள்.


மருதநிழல்

தம்பி, உன் சோனியிலும் அக்காவின் கனனிலும் படம் 3க்கு 2 என்ற விகிதத்தில் வரும். 4க்கு 6, 8க்கு 12 இரண்டும் அந்த விகிதத்துக்கு அப்படியே பொருந்தும். 8க்கு 10 போட்டால் நீளப்பக்கத்தில் இரண்டு அங்குலம் வெட்டுப்படும், ஏ4இலும் கொஞ்சம் போகும். தலைக்கு மேல் இடம் விடாமல் எடுத்திருந்தால் கொண்டையோ தலைப்பாகையோ போய்விடும். அதனால் எடுக்கும்போதே சுற்றிவர இடம் விட்டு எடு. அச்சடிக்கிற இடத்தில் தோலை வெளுக்கப் பண்ணுவார்கள், ஒன்றும் செய்ய வேண்டாம், கொடுத்தபடியே அடியுங்கள் என்று முதலே சொல்லிவிடு. பளபளப்புத் தாள் வேண்டாம். வெளிச்சம் பட்டால் வயதானவர்களுக்குத் தங்கள் முகமே தெரியாது, மங்கல் தாளில் அடி.

இருவருக்கும் இன்னொன்று. படத்தை முகநூலில் போடுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். எடுக்கச் சம்மதித்தது வேறு, ஊர் முழுக்கக் காட்டச் சம்மதிப்பது வேறு.


பாலைப்பழம்

சரி அக்கா, 8க்கு 12, மங்கல் தாள். முகநூலில் போடமாட்டேன். துணுக்காய்க்கு வரும் ஞாயிறு போகிறேன். செம்மண் தம்பி, உனக்கு இரண்டாவது ஆள் தேவையென்றால் சொல்லு, நான் வெளிச்சம் திருப்ப வெள்ளை ரெஜிஃபோம் மட்டை ஒன்று வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன். முல்லைத்தீவுப் பக்கம் யாரிடமாவது கனன் 24 மி.மீ. எஃப் 2.8 இருந்தால் எனக்கு எழுதுங்கள். சின்ன அறைகளுக்கு அது சரிவருமா என்று வாங்க முன்னம் ஒரு கிழமை போட்டுப் பார்க்க வேண்டும்.


களப்பு

என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாங்குளம் வருகிறேன், சந்தியில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.